வழிவிடும் தர்மம்

மகாபாரதத்தின் வன பர்வத்தில் அஷ்டாவக்கிரரின் வரலாறு கூறப்படுகிறது. கருவில் இருந்தபோதே தந்தை கஹோடரின் வேத பாடத்தில் பிழை கண்டு சுட்டியதால் சாபத்துக்கு ஆளாகி, உடல் எட்டு இடங்களில் கோணிப் பிறந்தவர் அவர். தந்தையோ ஜனக மன்னரின் அவையில் வந்தி என்னும் பண்டிதரிடம் வாதத்தில் தோற்று நீரில் மூழ்கடிக்கப்பட்டிருந்தார். பன்னிரண்டாம் வயதில் இச்செய்தியை அறிந்த அஷ்டாவக்கிரர், தம் வயதையொத்த மாமன் சுவேதகேதுவுடன் ஜனகரின் வேள்விச்சாலைக்குப் புறப்பட்டார்.

வழியில் அரசரின் பரிவாரம் எதிர்ப்பட்டது. வழக்கம்போல் காவலர்கள் எல்லோரையும் விலகச் சொன்னார்கள். சிறுவன் விலகவில்லை. பாதை முதலில் யாருக்கு உரியது என்பதை அவன் அரசருக்கே எடுத்துரைத்தான். அவன் சொன்ன வரிசை பார்வையற்றவரில் தொடங்கியது. அடுத்துச் செவி கேளாதவர், பின்னர் பெண்கள், அதன்பின் சுமை தூக்கிச் செல்பவர், அவர்களுக்கெல்லாம் பிறகே அரசர். அந்த அரசரும் வேதம் கற்றவர் எதிரே வந்தால் ஒதுங்கியாக வேண்டும். ஜனகர் சினம் கொள்ளவில்லை. அது அறம் என்று ஒப்புக்கொண்டு வழிவிட்டார்.

இங்கே ஜனகர் செய்ததும் செய்யாததும் ஒருங்கே சிந்திக்கத்தக்கவை. அவர் சிறுவனைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று கண் கலங்கவில்லை. அவனைத் தூக்கிச் செல்ல ஆட்களை அனுப்பவில்லை. பொற்காசு கொடுத்துத் திருப்பி அனுப்பவும் இல்லை. வழியை மட்டும் விட்டார். நடந்தது அஷ்டாவக்கிரர், வாயில் காப்போனிடம் வாதாடி உள்ளே புகுந்தது அவர், வந்தியை வென்று தந்தையை மீட்டதும் அவரே.

உடற்குறையுடைய ஒருவருக்குச் சமுதாயம் செய்ய வேண்டிய கடமை யாது என்ற கேள்விக்கு இந்த இதிகாசக் காட்சியில் விடை அடங்கியிருக்கிறது. இரக்கப்படுவதா, வழிவிடுவதா? இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் ஒன்றல்ல. இன்றைய கல்லூரி வளாகத்தில் கல்வி கற்க வரும் மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவரின் சாதாரணமான ஒரு நாளை உற்று நோக்கினால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

ஒரு நாளின் கணக்கு

பெங்களூரின் கன்டோன்மென்ட் பகுதியில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பேட்டைகளுக்கு நடுவே, ரிச்சர்ட்ஸ் டவுன் அமைந்துள்ளது. பழைய பங்களாக்களும் ஓங்கி வளர்ந்த மரங்களும் பூங்காவும் கொண்ட அமைதியான பகுதி. மாலை வேளையில் அங்கே உலாவுவோர்க்கு அதன் நிழல் பெரும் சுகம். ஆனால் அதே நிழல் தரும் மரங்களின் வேர்கள் நடைபாதைக் கற்களைப் பெயர்த்திருக்கும். பெங்களூரின் பல தெருக்களில் நடைபாதை என்பது மழைநீர்க் கால்வாயின்மேல் பரப்பிய கற்பலகைகளே. இரண்டு பலகைகளுக்கு நடுவே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தால், நடப்பவர் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார். ஊன்றுகோலின் நுனியோ அதில் இறங்கிவிடும். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அதில் சிக்கி நின்றுவிடும்.

இத்தகைய தெருவிலிருந்து கல்லூரிக்குப் புறப்படும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். காலில் காலிப்பரும் கையில் ஊன்றுகோலும் உடையவள் அவள். ஒன்பதரை மணி வகுப்புக்குத் தோழியர் ஒன்பது மணிக்குக் கிளம்பினால், அவள் எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும். பேருந்தின் முதற்படி உயரமாக இருந்தால் அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பாள். அல்லது அன்றாடம் ஆட்டோவுக்குப் பணம் தேட வேண்டும். கல்லூரி வாயிலை அடைந்தபின் நூலகம் முதல் மாடியில், ஆய்வுக்கூடம் இரண்டாம் மாடியில், வகுப்பறை மூன்றாம் மாடியில். மின்தூக்கி இருக்கலாம், அதன் சாவி ஆசிரியர் அறையில் இருக்கலாம், அந்தச் சாவியை ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற வேண்டியிருக்கலாம்.

காலையிலிருந்து அவள் தண்ணீர் அருந்துவதில்லை. தாகம் இல்லாமையால் அன்று. அவளால் பயன்படுத்த இயலும் கழிப்பறை அந்தக் கட்டடத்தில் இல்லாமையால். இந்நாட்டின் கல்விக்கூடங்களில் எத்தனையோ மாணவியர் சொல்லாமல் கைக்கொள்ளும் விரதம் இது. ஏகாதசி விரதத்துக்குப் புண்ணியம் உண்டு. இந்த விரதத்துக்குச் சிறுநீரக நோய்தான் பலன்.

அவளுடன் பயிலும் பார்வையற்ற மாணவருக்குப் படிக்கட்டு ஒரு தடையே அன்று. அவர் சரசரவென்று ஏறிவிடுவார். அவருடைய தடை வேறு. பாடக் குறிப்பைக் கல்லூரி கணினிக் கோப்பாகவே தருகிறது. ஆயினும் அது பக்கங்களைப் படமெடுத்த கோப்பாக இருந்தால், எழுத்தை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அது வெறும் படம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு என்றால், மென்பொருள் பொருளற்ற ஒலிகளையே எழுப்பும். யூனிகோடு முறைக்கு மாற்றினால் மட்டுமே அது அவருக்குப் பாடமாகும். செவி கேளாத மாணவருக்கு ஆசிரியரின் உதட்டசைவே பாடம். ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பியபடி பேசும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு வகுப்பு நின்றுபோகிறது. கற்றல் குறைபாடோ, மன நோயோ, இரத்தச் சோகை நோயோ உடையவரின் இடர்ப்பாடு கண்ணுக்கே தெரியாது. 'பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்' என்ற சொல்லே அவருக்கு எதிர்ப்படும் முதற்படி.

தோழியர் நல்லவர்கள். அவர்கள் மாணவியின் பையைச் சுமக்கிறார்கள், கைதாங்கி மாடியேற்றுகிறார்கள். அதற்காக அவள் நாளொன்றுக்கு இருபது முறை 'நன்றி' சொல்கிறாள். தோழி வராத நாளில் அவளும் வகுப்புக்குப் போவதில்லை. தோழிக்கு வேறு வேலை இருக்கிறது என்று தெரிந்தால், தனக்கு அந்த வகுப்பு வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுகிறாள். இவ்வாறு அவளுடைய கல்வி அவளுடைய உழைப்பையும் அறிவையும் மட்டும் சார்ந்திராமல், பிறருடைய அன்றைய மனநிலையையும் சார்ந்ததாகிவிடுகிறது. கைதாங்கிய தோழியின் அன்பு உயர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆயினும் அந்த அன்பை நாள்தோறும் கட்டாயமாக்கிய கட்டடத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது.

படிக்கட்டும் ஓர் உதவியே

'இவர்களுக்காகத் தனியே இவ்வளவும் செய்ய வேண்டுமா?' என்று சிலர் கேட்பதுண்டு. இக்கேள்வியில் மறைந்திருக்கும் மயக்கத்தை விசாரம் செய்ய வேண்டும்.

வலுவான கால்களை உடைய ஒருவர் தம் சொந்த ஆற்றலால் முதல் மாடிக்குப் போவதாக எண்ணுகிறார். உண்மையில் பன்னிரண்டு அடி உயரத்தை எந்த மனிதக் காலும் தாவ இயலாது. அவருக்காக ஒரு கொத்தனார் படிக்கட்டு கட்டிவைத்திருக்கிறார். அது அவருக்குச் செய்யப்பட்ட உதவி. எல்லோருக்கும் எப்போதும் கிடைத்து வருவதால் அது உதவி என்பதே மறந்துவிட்டது. அவ்வாறே வகுப்பறையில் எரியும் விளக்குகள் கண்ணுடையோருக்கான உதவிச் சாதனங்கள். பார்வையற்ற மாணவருக்கு அவை தேவையில்லை. ஆனாலும் மின்கட்டணத்தில் அவருடைய பங்கும் இருக்கிறது. கண்ணுடையோர் விளக்கு வேண்டுமென்று நாள்தோறும் விண்ணப்பம் எழுதுவதில்லை. விளக்கு எரிந்ததும் யாருக்கும் நன்றி கூறுவதுமில்லை.

சாய்தளமும் இத்தகையதே. ஓரடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கட்டட வல்லுநர் பின்பற்றும் விதி. அதற்குமேல் செங்குத்தானால், சக்கர நாற்காலியில் இருப்பவர் தாமே தள்ளிக்கொண்டு ஏற முடியாது. பல இடங்களில் பெயரளவில் கட்டப்படும் சாய்தளங்கள் ஓரடிக்கு மூன்றடி நீளத்தில் முடிந்துவிடுகின்றன. சரக்கு வண்டி ஏற்றுவதற்கு அவை உதவலாம்; மனிதர் தம் கையால் ஏறுவதற்கு உதவா. பன்னிரண்டடிக்கும் மூன்றடிக்கும் இடையே உள்ள வேறுபாடு சிமென்ட்டின் செலவு மட்டுமன்று. அவர் தாமே வரவேண்டியவர் என்று எண்ணுவதற்கும், யாரேனும் அவரைத் தள்ளிக்கொண்டு வருவார்கள் என்று எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

ஆக, சிலர் தம் காலில் நிற்பவர், சிலர் பிறர் உதவியில் நிற்பவர் என்ற பிரிவினையே பொய்த் தோற்றம். கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் கிருஷ்ணர் யக்ஞச் சக்கரத்தை விளக்குகிறார். உணவு, மழை, வேள்வி, செயல் எல்லாம் ஒன்றையொன்று தாங்கிச் சுழல்கின்றன. எவரும் எதையும் பெறாமல் ஒரு நொடியும் வாழ்வதில்லை. பெறுகிறவன் தான் பெறுவதை மறக்கும்போது அகங்காரம் பிறக்கிறது. உடல் வலிமை உடையவரின் அகங்காரம் மிக நுண்ணியது. தமக்குக் கிடைத்த ஏற்பாடுகளை உரிமை என்றும், பிறர் கேட்கும் ஏற்பாடுகளைச் சலுகை என்றும் அது பெயரிட்டுக்கொள்கிறது.

'நான் உடல் அல்லேன்': யார் யாருக்குச் சொல்வது?

வேதாந்தம் பயில்வோர் இங்கே எழுப்பக்கூடிய ஐயம் ஒன்று உண்டு. 'ஆத்மா உடலன்று, உடலின் குறை ஆத்மாவைத் தீண்டுவதில்லை. அவ்வாறிருக்க, உடலின் வசதியைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு?'

சாஸ்திரம் கூறும் உண்மையில் பிழையில்லை. அதை யார் யாருக்குச் சொல்கிறார் என்பதில் பிழை நேரலாம். 'நான் இவ்வுடல் அல்லேன்' என்பது ஸாதகன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய உபதேசம். தன் பசியை, தன் நோயை, தன் மூப்பைப் பொறுத்துக்கொள்ள அது துணை நிற்கும். அதையே பசித்து வந்தவனிடம் சொல்லிக் கதவை மூடினால் அது வேதாந்தமாகாது. சோம்பலுக்குப் போர்த்திய காவியாகும். தன் துன்பத்தில் ஆத்மாவை நினைப்பவனும் பிறர் துன்பத்தில் உடலை நினைப்பவனுமே சாஸ்திரத்தைச் சரியாகப் பயின்றவன்.

தேகாத்ம புத்தி, அதாவது உடலையே ஆளென்று கருதும் மயக்கம், இருவகையில் வெளிப்படுகிறது. அஷ்டாவக்கிரர் அவைக்குள் நுழைந்தபோது அவரது கோணல் உடலைக் கண்டு பண்டிதர்கள் நகைத்தார்கள் என்றும், தோலை மட்டும் பார்ப்பவர்களைத் தோல் வணிகர்கள் என்று அவர் உரைத்தார் என்றும் செவிவழிக் கதை ஒன்று வழங்குகிறது. இகழ்ச்சி என்பது இம்மயக்கத்தின் முதல் வகை. இரண்டாம் வகை புகழ்ச்சியின் வடிவில் வருவது. சக்கர நாற்காலியில் ஒருவர் கல்லூரிக்கு வந்தாலே அதிசயம், ஊன்றுகோலுடன் ஒருவர் தேர்வு எழுதினாலே சாதனை என்று கைதட்டுவது. இங்கும் கண்ணில் பட்டது உடல் மட்டுமே. அந்த மாணவருக்கு வரலாற்றுப் பாடம் பிடிக்குமா, கிரிக்கெட் பிடிக்குமா, சில நாட்களில் வகுப்புக்கு மட்டம் போடத் தோன்றுமா என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரையும் போல் சாதாரணமாக இருக்கவும், நடுத்தர மதிப்பெண் பெறவும், சிடுசிடுக்கவும், தவறு செய்து திருந்தவும் அவருக்கு இடமில்லை. பிறருடைய ஊக்கத்துக்காக வைக்கப்பட்ட படமாக அவர் ஆகிவிடுகிறார்.

சொற்கள் மாறிவந்துள்ளன. 'ஊனமுற்றோர்' என்ற சொல் விலகித் தமிழில் 'மாற்றுத்திறனாளி' வந்தது. 2015ஆம் ஆண்டு பிரதமர் 'திவ்யாங்க்' என்னும் சொல்லை முன்மொழிந்தார். தெய்விக உறுப்புடையோர் என்று அதற்குப் பொருள். அச்சொல்லை அந்தச் சமூகத்திலேயே பலர் ஏற்கவில்லை. தெய்விகம் கூறும் சொல்லைக் கேட்டு மகிழ்வதற்கு முன், அவர்கள் தங்கள் வகுப்பறைக்குப் போய்ச்சேர வேண்டியிருந்தது.

வினைப்பயன் என்னும் விளக்கம்

'எல்லாம் முன்வினைப்பயன்' என்று கூறி அமைதி கொள்வோரும் உளர். கர்மக் கொள்கை இந்தத் தர்மத்தின் அடித்தளங்களுள் ஒன்று. ஆனால் கர்மத்தின் போக்கை அறிவது எளிதன்று என்று எச்சரித்தவர் பகவானே. தன் வாழ்வில் நேர்ந்ததைத் தன் வினையாக ஏற்று மேலே நடப்பது ஸாதனை. பிறர் வாழ்வில் நேர்ந்ததை அவர் வினையாகத் தீர்ப்பளிப்பதற்கு எவருக்கும் அதிகாரம் வழங்கப்படவில்லை.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. மாணவியின் முழங்காலில் உள்ள பலவீனம் பிராரப்தமாக இருக்கலாம். அவளுடைய வகுப்பு மூன்றாம் மாடியில் இருப்பது பிராரப்தமன்று. அது கால அட்டவணை. ஒரு பேனாவால் மாற்றக்கூடியது. சாய்தளம் இல்லாத கட்டடம் விதியால் எழுந்ததன்று. வரைபடம் தீட்டியவரும் ஒப்புதல் அளித்தவரும் பணம் கொடுத்தவரும் இன்று செய்த செயல் அது. அதன் பலன் அவர்களுடைய ஆகாமிய கணக்கில்தான் சேரும். பிறருடைய பழைய வினையைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஒருவர் தம் புதிய வினையை மறந்துவிடக் கூடாது.

கொடுப்பதற்கும் ஒரு கல்வி

தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில், கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவர்களுக்கு ஆசிரியர் வழங்கும் அறிவுரை இடம்பெறுகிறது. அந்நாளைய பட்டமளிப்பு உரை என்றே அதைக் கூறலாம். கொடுக்க வேண்டும் என்பதோடு அவ்வாசிரியர் நிறுத்தவில்லை. எவ்வாறு கொடுக்க வேண்டும் என்பதையும் கற்பித்தார். சிரத்தை, அடக்கம், அச்சம், அறிவு முதலியன கொடுப்பவனிடம் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

கொடுப்பவனுக்கு ஏன் நாணமும் அச்சமும்? கொடுக்கும் கை மேலே இருப்பதால் அதில் செருக்கு எளிதில் ஏறிவிடும். பெறுபவரின் முகம் சிறுக்கும்படி கொடுத்துவிட்டேனோ என்ற அச்சம் அந்தச் செருக்குக்கு மருந்து. கீதையின் பதினேழாம் அத்தியாயமும் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதாமல், தக்க இடத்தில், தக்க காலத்தில் கடமையெனக் கொடுப்பது ஸாத்விகம். பலனை எதிர்பார்த்து மனமின்றிக் கொடுப்பது ராஜஸம். மரியாதையின்றி இகழ்ந்து கொடுப்பது தாமஸம். கல்லூரி விழா மேடையில் ஆரவாரத்துடன் சக்கர நாற்காலி வழங்கிப் படம் எடுத்துக்கொண்டு, அதே மேடைக்குப் படிகளை மட்டும் அமைத்திருப்பது எவ்வகைத் தானம் என்பதை அவரவரே சிந்தித்துக்கொள்ளலாம்.

1884ஆம் ஆண்டு தக்ஷிணேசுவரத்தில் ஸ்ரீ ராமகிருஷ்ணர், உயிர்களிடம் தயை காட்டுவதைப் பற்றிப் பேசத் தொடங்கி, அச்சொல்லையே மறுத்து, சிவனென அறிந்து சேவை செய்வதே தக்கது என்று உணர்த்தினார். அதைக் கேட்டிருந்த இளைஞர் நரேந்திரர் பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தராக அக்கருத்தை நாடெங்கும் செயலாக்கினார். தயையில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. சேவையில் அந்த உயர்வு தாழ்வு மறைகிறது. கோயிலுக்கு இறைவன் எழுந்தருளும்போது நிலையை அகலமாக அமைத்து வைக்கிறார்களே தவிர, வாசலில் வந்து நின்று தேவையைச் சொல்லட்டும் என்று எவரும் காத்திருப்பதில்லை. கேட்குமுன் ஆயத்தமாக இருப்பதே உபசாரத்தின் இலக்கணம்.

சட்டம் வந்த வழி

நாட்டின் சட்டமும் மெல்ல மெல்ல இக்கருத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதற்கிணங்க இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்க வேண்டும் என்று அது விதித்தது. தேர்வில் சொல்லச் சொல்ல எழுதித் தருபவரை வைத்துக்கொள்ளவும், மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் பெறவும் மத்திய அரசின் நெறிமுறைகள் 2013இலும் 2018இலும் வகை செய்தன. 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இசிவு நோயால் அவதியுற்ற ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைபாடு நாற்பது விழுக்காட்டை எட்டவில்லை என்பதற்காக இந்த வசதியை மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப நியாயமான ஏற்பாடு செய்து தருவது கருணைச் செயலன்று, சமத்துவத்தின் பகுதி என்பதே அத்தீர்ப்பின் உட்கிடை.

ஆனால் சட்டம் கதவின் அகலத்தை நிர்ணயிக்கலாம். கதவைத் திறப்பவரின் முகத்தை நிர்ணயிக்க இயலாது. கூடுதல் நேரம் தந்துவிட்டு, அந்த நேரம் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் கண்காணிப்பாளரின்மீது எந்த வழக்கும் தொடுக்க முடியாது. அங்கேதான் தர்மம் தேவைப்படுகிறது.

வழி கிடைத்தபோதும் கிடைக்காதபோதும்

பெங்களூரோடும் தமிழகத்தோடும் தொடர்புடைய ஒரு வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. 1975 ஜனவரியில், பொறியியல் நான்காம் ஆண்டு மாணவரான எஸ். ராமகிருஷ்ணன் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொள்ளப் பெங்களூர் வந்தார். உடற்திறன் சோதனையில் நேர்ந்த விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். இராணுவ மருத்துவமனையில் தமக்குச் சிகிச்சையளித்து வாழும் ஊக்கம் தந்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், 1981இல் தம் சொந்த ஊரான தென்காசி அருகிலுள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தமக்கு ஒரு வழி மூடியபோது, பிறர் அவ்வாறு நிற்கக் கூடாதென்று வழி அமைக்க முற்பட்டவர் அவர்.

தமிழக மகளிர் கிரிக்கெட் அணியின் 19 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ப்ரீத்தி ஸ்ரீனிவாசன், கல்லூரி மாணவியாக இருந்தபோது 1998இல் புதுச்சேரிக் கடலோரத்தில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே உணர்வு இழந்தார். பின்னர் அஞ்சல் வழியிலேனும் படிக்க முயன்றபோது, சாய்தளமும் மின்தூக்கியும் இல்லை என்ற காரணம் கூறப்பட்டதை அவரே பொது மேடைகளில் எடுத்துரைத்திருக்கிறார். கற்கும் ஆற்றல் அவரிடம் குறையவில்லை. கட்டடத்தின் குறை அவர் குறையாகக் கணக்கிடப்பட்டது. அவரோ 2013இல் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' அமைப்பைத் தொடங்கி, முதுகுத்தண்டு பாதிப்புற்றோருக்குத் துணை நின்றார். தொடர்ந்து படித்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவியாகவும் சேர்ந்தார்.

வழிவிட்டால் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. கும்பகோணத்தில் பிறந்த மாளவிகா ஐயர் 2002இல் பிகானீரில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இரு கைகளையும் இழந்தார். சொல்வதைக் கேட்டு எழுதித் தருபவரின் துணையுடன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சிறப்புத் தகுதி பெற்று, டெல்லியில் பட்டம் பயின்று, சென்னையில் முனைவர் பட்டமும் பெற்றார். சென்னையைச் சேர்ந்த பார்வையற்ற மாணவி பெனோ ஜெஃபைன், தாயார் நூல்களை வாசித்துக் காட்டவும், திரைவாசிப்பான் மென்பொருள் துணை நிற்கவும், கல்லூரிக் கல்வியை முடித்து 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்றவர் ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதன்முறை. இவர்களுக்கு மதிப்பெண்ணை எவரும் தானம் செய்யவில்லை. எழுதும் கையும் வாசிக்கும் குரலும் கிடைத்தன, அறிவு அவர்களுடையது.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு அருகில், லிங்கராஜபுரத்தில், 'மாற்றுத்திறனாளிகள் சங்கம்' என்று பொருள்படும் ஏ.பி.டி. அமைப்பு இயங்கிவருகிறது. 1959இல் அதைத் தொடங்கிய என்.எஸ். ஹேமா தாமும் உடற்குறை உடையவரே. குறையுள்ள குழந்தைகளும் குறையில்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் பள்ளியை அது நடத்தியதும், இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சியும் தோட்டக்கலைப் பயிற்சியும் அளித்ததும் அப்பகுதியினர் அறிந்தவை. சிறுவயதிலிருந்தே சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் அமர்ந்து படித்த குழந்தைக்கு, பெரியவனானதும் வழிவிடுவதைப் பற்றி எவரும் சொற்பொழிவாற்ற வேண்டியதில்லை.

பெறுபவரின் தர்மம்

கொடுப்பவருக்கு உபதேசம் உண்டென்றால் பெறுபவருக்கும் உண்டு. உதவி கேட்பதைத் தாழ்வாகக் கருதி, கேட்காமலே கல்வியை இழக்கும் மாணவர்கள் பலர். தன்மானம் நல்லது. ஆயினும் 'எவரிடமும் எதையும் பெறமாட்டேன்' என்பது தன்மானத்தின் உருவில் வரும் அகங்காரமாகவும் இருக்கக்கூடும். காற்றையும் நீரையும் தாய்ப்பாலையும் பெறாமல் எவரும் வளர்ந்ததில்லை. கிடைப்பதைப் பிரசாதமாக ஏற்கும் மனம், கூசுவதுமில்லை, குழைவதுமில்லை. தனக்குரிய வழியை அஷ்டாவக்கிரர் அரசரிடம் கேட்ட விதம் இதற்கு எடுத்துக்காட்டு. அவர் கெஞ்சவில்லை, வசைபாடவும் இல்லை. எது தர்மம் என்பதைத் தெளிவாக உரைத்தார். உரிமையைக் கேட்பவர் தமக்கு மட்டும் கேட்பதில்லை. இன்று ஒரு மாணவி முதல்வரிடம் சென்று வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கேட்டால், அவளுக்குப் பின் வரும் மாணவியர் கேட்கவேண்டிய தேவை இராது. அதுவும் லோக ஸங்கிரஹமே.

செய்யத்தக்கவை

இவ்விசாரம் ஏட்டளவில் நின்றுவிடலாகாது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் செய்ய வேண்டியது பெரும்பாலும் பணம் சார்ந்ததன்று. மாணவர் பட்டியலைப் பார்த்து, வகுப்பைக் கீழ்த்தளத்தில் அமைக்கலாம். பாடக் குறிப்பை யூனிகோடில் தட்டச்சு செய்து ஒரு வாரம் முன்பே தரலாம். கரும்பலகையில் எழுதி முடித்தபின் மாணவர் பக்கம் திரும்பிப் பேசலாம். சக மாணவர், கையைப் பிடிக்குமுன் 'உதவட்டுமா?' என்று கேட்கலாம். வேண்டாம் என்ற பதிலை மனத்தாங்கலின்றி ஏற்கலாம். தேர்வுக் காலத்தில் எழுதித் தருபவராக ஒரு நாளை ஒதுக்கலாம். அந்த மூன்று மணி நேரமும் தன் அறிவை ஒதுக்கிவைத்து மற்றவரின் சொல்லுக்குக் கருவியாக இருப்பது, நிமித்த மாத்திரமாக இருப்பதற்கு நல்ல பயிற்சி.

தெருவில் வாழ்வோரும் விலக்கல்லர். நடைபாதையின்மேல் நிறுத்திய ஒரு ஸ்கூட்டர், ஒரு மாணவரை ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறக்கிவிடுகிறது.

ஆன்மிக அமைப்புகளும் தம் வாசலைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். உபநிஷத வகுப்பு மாடியில் நடைபெற, மின்தூக்கி இல்லாத கட்டடங்கள் எத்தனையோ. எல்லா உயிரிலும் ஒரே ஆத்மா உறைகிறது என்று மேலே பாடம் நடக்கும். அந்த ஆத்மாவில் ஒன்று கீழே செருப்புகளுக்கு அருகில் அமர்ந்து, ஒலிபெருக்கியில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். பூஜைக்கு மலர் சேகரிப்பது போலவே, பன்னிரண்டடிச் சாய்தளத்துக்குச் செங்கல் சேகரிப்பதும் ஆராதனையே.

அஷ்டாவக்கிரர் வெற்றி பெற்றுத் திரும்பியபின், தந்தையின் சொற்படி சமங்கை ஆற்றில் நீராட, அவர் உடல் நேராயிற்று என்று வன பர்வம் கூறுகிறது. அந்த நீராடல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அவர் வாதில் வென்றது உடல் நேரான பின் அன்று. கோணிய உடலோடு நடந்து வந்து, கோணிய உடலோடு அவையில் நின்று, அப்போதே வென்றார். மன்னர் வழிவிட்டார், அது போதுமானதாயிற்று.

ஒவ்வொரு கல்லூரி வாயிலிலும் ஒவ்வொரு நாளும் அப்படி ஒருவர் வந்து நிற்கிறார். அவருக்கு வழிவிடும் பணிவை இறைவன் அனைவருக்கும் அருள்வானாக.